தவாளிப்பு: காடியும் பள்ளமும் இருக்க, இந்தச் சொல்லுக்கு என்ன வேலை?

கையேட்டுப்பணி எழுதியது:

வெட்டுக்கருவிகளையும் இயந்திர உறுப்புகளையும் விளக்கும் ஒரு பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்கும் பணியில் ஈடுபட்டிருக்கிறேன். அதில் துளையிடும் டிரில் பிட்டின் உடலில் சுற்றிச் செல்லும் ஃப்ளூட், கப்பியின் விளிம்பில் ஓடும் குரூவ், தண்டில் சாவி (சக்கரத்தைத் தண்டோடு பிணைக்கும் உலோகத் துண்டு) பதிக்கும் கீவே, கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் உட்காரும் வளையப் பள்ளம் ஆகிய அனைத்தும் அடுத்தடுத்த பக்கங்களில் வருகின்றன. பழைய தமிழாக்கங்களைப் புரட்டியபோது, ஒன்றில் இவை எல்லாவற்றுக்கும் "பள்ளம்" என்றும், மற்றொன்றில் எல்லாவற்றுக்கும் "காடி" என்றும் போடப்பட்டிருக்கக் கண்டேன். இலங்கைத் தமிழில் அமைந்த அறிவியல் நூல்களிலோ "தவாளிப்பு" என்ற சொல் இதே இடங்களில் சரளமாக வருகிறது.

இச்சொல்லின் சரியான பொருள் எது, அது காடிக்கு வெறும் மாற்றுச்சொல்லா அல்லது வேறு ஒன்றைக் குறிக்கிறதா, பட்டறையில் பயிலும் மாணவர் கையில் கொடுக்கக்கூடிய சொல்தானா என்பவற்றை அறிய விரும்புகிறேன். ஒரே பக்கத்தில் நான்கு வகைப் பள்ளங்களும் வரும்போது நான்குக்கும் ஒரே சொல்லைப் போட்டால் படிப்பவருக்கு எது எதுவென்று விளங்காது என்பதுதான் என் கவலை.

சொல்வேர் எழுதியது:

முதலில் சொல்லின் அமைப்பைப் பார்த்துவிடலாம். தவாளித்தல் என்பது வினை. தவாளிப்பு என்பது அதிலிருந்து பிறந்த தொழிற்பெயர். குழித்தல், குழிப்பு என்பதைப் போலவே தவாளிக்கிறது, தவாளித்தது, தவாளித்த தூண், தவாளிப்பு என்று எல்லா வடிவங்களும் இயல்பாகக் கிடைக்கின்றன. ஒரு பரப்பில் நீளவாக்கில் குடைந்து எடுக்கப்பட்ட, அல்லது அவ்வாறு குடைந்தது போல் அமைந்த ஒடுக்கமான பள்ளமே இதன் பொருள். தவழ்தல் என்ற சொல்லோடு குழப்பிக்கொண்டு சிலர் "தவழிப்பு" என்று எழுதுவதைக் கண்டிருக்கிறேன், ளகரமே சரி.

தமிழ்நாட்டில் இச்சொல் அருகியே வழங்குகிறது. இலங்கையில் அறிவியல் கல்வி பள்ளியிலிருந்து பல்கலைக்கழக நுழைவு வரை தமிழ்வழியில் நடந்து வருவதால், உயிரியலிலும் பொறியியலிலும் குரூவ் என்பதற்கு ஒரு நிலையான சொல் தேவைப்பட்டது; அந்த இடத்தில் தவாளிப்பு நிலைபெற்றது. ஆகவே ஒரு கரையில் அரிய சொல்லாகத் தோன்றுவது மறு கரையில் தேர்வுத்தாளில் மாணவர் எழுதும் சொல்லாக இருக்கிறது.

"பள்ளம்" ஏன் போதாது என்பதற்கு என் காரணம் எளிது. பள்ளம் என்றவுடன் ஆழம் மட்டுமே மனத்தில் எழுகிறது. நீளமும் திசையும் எழுவதில்லை. சாலையில் இருப்பதும் பள்ளம்தான், நீர் தேங்கும் தாழ்வும் பள்ளம்தான். வரிப்பள்ளம் என்று அடைமொழி சேர்த்தால் நீளம் வந்துவிடுகிறது. ஆனால் வரிப்பள்ளத்திலிருந்து ஒரு வினையை உண்டாக்க முடியாது. துளையைச் சரியான அளவுக்குச் செதுக்கி முடிக்கும் ரீமர் என்ற கருவியை "வரிப்பள்ளமிட்ட ரீமர்", "நேர் வரிப்பள்ளங்களைக் கொண்ட ரீமர்" என்று ஒவ்வொரு முறையும் சொற்றொடராகத்தான் எழுத வேண்டியிருக்கும். "தவாளித்த" என்ற ஒரே பெயரெச்சம் அந்தச் சுமையை நீக்கிவிடுகிறது.

காடிக்கு வேறொரு சிக்கல் உண்டு. புளித்த நீருக்கும் காடி என்றே பெயர். அந்த வழியிலேயே அமிலத்தையும் காடி என்று எழுதும் மரபு இருக்கிறது. கந்தக அமிலத்தைக் கந்தகக் காடி என்பவர்களும் உண்டு. உலோகத்தை அமிலத்தால் அரித்துக் கோடிடும் முறையை விளக்கும் பக்கத்தில் இரண்டு காடிகளும் ஒரே வாக்கியத்தில் சந்தித்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள். எனினும் இந்த ஒரு காரணத்துக்காகக் காடியை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அது உயிருள்ள தொழிற்சொல். மரவேலை தெரிந்தவர்கள் அதைப் பற்றிச் சொல்வதைக் கேட்டபின் முடிவு செய்வது நல்லது.

இழைப்புளி எழுதியது:

மரவேலையில் காடி என்றால் அதில் ஏதோ ஒன்று வந்து அமரப்போகிறது என்று பொருள். காடி எடுப்பதற்கு முன்பே எதைப் பொருத்தப்போகிறோம் என்பது முடிவாகிவிடும். அந்தப் பொருளின் கனம்தான் காடியின் அகலம். வெறுமனே ஒரு கோட்டைக் குடைந்துவிட்டு அதைக் காடி என்று எந்தத் தச்சரும் சொல்லமாட்டார்.

சட்டமும் பலகையும் கொண்ட கதவை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டங்களின் உள்விளிம்பு நெடுகக் காடி எடுக்கப்படுகிறது. பலகையின் ஓரம் மெலிதாக இழைக்கப்பட்டு அக்காடிக்குள் நுழைகிறது. ஆனால் அங்கே பசை போடுவதில்லை. மரம் ஈரத்தை உறிஞ்சும்போது நாரின் குறுக்கே விரியும், உலரும்போது சுருங்கும். நாரின் நீளவாக்கில் அந்த அசைவு மிகமிகக் குறைவு. ஆகவே பலகை காடிக்குள் சற்றே நகர இடம் விட்டு, காடியின் ஆழத்தைப் பலகை நுழையும் அளவைவிடக் கூடுதலாக எடுப்பார்கள். இடம் விடாமல் இறுக்கிப் பசை போட்டால், பலகை பிளக்கும் அல்லது சட்டத்தின் மூட்டு விலகும். காடியின் அகலம், ஆழம், தூய்மை ஆகிய எல்லாமே அதில் உட்காரும் பொருளைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றன.

ஆங்கிலத்தில் நாரின் போக்கில் எடுப்பதற்கு ஒரு பெயர், குறுக்கே எடுப்பதற்கு ஒரு பெயர், விளிம்பில் ஒரு பக்கம் திறந்தபடி எடுப்பதற்கு வேறொரு பெயர் என்று மூன்று வைத்திருக்கிறார்கள். நமக்குக் காடி, குறுக்குக் காடி, விளிம்புக் காடி என்றாலே போதும். பலகைகளைப் பக்கவாட்டில் இணைக்கும்போது ஒன்றில் நாக்கும் மற்றொன்றில் காடியும் எடுக்கிறோம். நாக்கு இல்லாமல் காடி இல்லை.

ஆகவே என் கருத்து இது: ஒன்றைப் பொருத்துவதற்காக எடுக்கப்படும் பள்ளத்தைக் காடி என்றே எழுதுங்கள், அங்கே தவாளிப்பைக் கொண்டுவராதீர்கள். மேசைக்காலில் அழகுக்காக நீளவாக்கில் குடைந்து எடுக்கும் அரைவட்டப் பள்ளங்களைத் தவாளிப்பு என்று சொன்னால், எனக்கு மறுப்பில்லை. அவற்றைக் காடி என்று சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கமில்லை.

கடைசல் எழுதியது:

இழைப்புளி ஐயா சொன்ன பிரிவினை லேத் பட்டறைக்கும் அப்படியே பொருந்துகிறது. எனக்கு இந்தக் கேள்வி முக்கியமானது. ஏனென்றால் டிரில் பிட்டின் ஃப்ளூட்டைக் காடி என்று படித்துவிட்டு வரும் மாணவர், அதில் எதைப் பொருத்துவது என்று கேட்பது நியாயமான கேள்விதான். அதில் எதுவும் பொருந்துவதில்லை.

வழக்கமான டிரில் பிட்டில் இரண்டு தவாளிப்புகள் உடலைச் சுற்றித் திருகிச் செல்கின்றன. அவற்றுக்கு மூன்று வேலைகள் இருக்கின்றன. வெட்டப்பட்ட உலோகச் சீவலைத் துளையின் அடியிலிருந்து மேலே கொண்டுவருவது முதல் வேலை. சூட்டைத் தணிக்கும் கூலண்ட் நீர்மத்தை வெட்டுமுனை வரை இறங்க விடுவது இரண்டாவது வேலை. பலரும் கவனிக்காத மூன்றாவது வேலைதான் எல்லாவற்றிலும் முக்கியமானது: தவாளிப்பின் பரப்பும் முனையில் சாணை பிடித்த பரப்பும் சந்திக்கும் கோடுதான் வெட்டும் விளிம்பு. தவாளிப்பு இல்லையென்றால் வெட்டுவாயே இல்லை. பொதுப் பயன்பாட்டுக்கான பிட்டில் முனைக்கோணம் 118 பாகையும், தவாளிப்பு திருகிச் செல்லும் கோணம் ஏறத்தாழ 30 பாகையும் இருக்கும். பித்தளை போன்ற, சீவல் பொடியாக உதிரும் உலோகங்களுக்குத் திருகு குறைந்த பிட்டும், அலுமினியம் போன்ற, சீவல் நீளமாகச் சுருளும் உலோகங்களுக்குத் திருகு மிகுந்த பிட்டும் பொருந்தும்.

ஒரு பிட்டைக் கையில் எடுத்து முனையிலிருந்து பிடிப்பகுதி வரை பார்த்தால், தவாளிப்பின் ஆழம் சீராக இல்லை என்பது தெரியும். இரு தவாளிப்புகளுக்கும் நடுவே எஞ்சியிருக்கும் மையத்தண்டு முனையில் மெலிந்தும் மேலே போகப்போகத் தடித்தும் இருக்கிறது. முறுக்குவிசையைத் தாங்குவதற்காக அப்படிச் செய்கிறார்கள். அதனால்தான் பலமுறை சாணை பிடித்துக் குட்டையாகிவிட்ட பிட்டில் நடுமுனை அகன்று, அழுத்தம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. அந்த நடுமுனையை மெலிக்காமல் துளையிட்டால் பிட் சூடேறும். "தவாளிப்பின் ஆழம் பிடிப்பகுதியை நோக்கிக் குறைகிறது" என்று ஒரே வாக்கியத்தில் இதைச் சொல்லிவிட முடிகிறது.

ரீமரிலும் அதே சொல்தான் வரவேண்டும். ரீமரின் தவாளிப்புகள் பெரும்பாலும் இரட்டைப்படை எண்ணிக்கையில் இருப்பது, எதிரெதிர் விளிம்புகளைப் பற்றி மைக்ரோமீட்டரில் விட்டத்தை அளக்க முடிய வேண்டும் என்பதற்காக. அவற்றின் இடைவெளிகளைச் சற்றே சமமின்றி வைப்பது, வெட்டும்போது அதிர்வு சீராக எழுந்து துளையின் பரப்பில் அலையடிக்காமல் இருப்பதற்காக.

தண்டில் சாவி பதிக்கும் இடம் சந்தேகமின்றிக் காடி. ஓ-ரிங் உட்காரும் இடமும் காடிதான். ஆனால் அது மரக்காடியைப் போல உட்காரும் பொருளின் அகலத்துக்கே எடுக்கப்படுவதில்லை. ரப்பரை நசுக்கினால் அதன் பருமன் குறையாது, வடிவம்தான் மாறும். ஆகவே ரப்பர் பக்கவாட்டில் பிதுங்குவதற்கு இடம் விட்டு வளையத்தைவிட அகலமாகக் காடி எடுக்கிறோம்.

கப்பியில் ஆப்பு வடிவ பெல்ட் ஓடும் இடத்தைப் பற்றி யாராவது மறுப்பு எழுப்பக்கூடும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்த பெல்ட்டின் பக்கங்கள் 40 பாகைச் சரிவில் இருக்கும். கப்பியின் காடியோ விட்டத்தைப் பொறுத்து 34 முதல் 38 பாகை வரை வெட்டப்படுகிறது. வளையும்போது பெல்ட்டின் உட்புறம் நசுங்கிப் பக்கவாட்டில் பிதுங்குவதால் இந்த வேறுபாடு வேண்டியிருக்கிறது. பெல்ட் காடியின் இரு சுவர்களைப் பற்றுகிறதே தவிர அடியைத் தொடுவதில்லை. காடியின் அடி பளபளவென்று தேய்ந்திருந்தால் பெல்ட் இறங்கிவிட்டது, ஆகவே வழுக்குகிறது என்று அறியலாம். அடியைத் தொடாவிட்டாலும் பொருத்தம்தான் அங்கே எல்லாம். அதைக் காடி என்பதே சரி.

எளியசொல் எழுதியது:

மேலே எழுதியவர்களின் அக்கறையை மதிக்கிறேன்; ஆனால் கையேட்டைப் படிக்கப்போகிறவரை நாம் மறந்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் தொழிற்பயிற்சிக்கு வரும் இளைஞர் பள்ளம் என்றால் உடனே புரிந்துகொள்வார், ஃப்ளூட் என்பதைப் பயிற்றுநர் வாயிலிருந்து நாள்தோறும் கேட்பார், தவாளிப்பு என்பதை எங்கும் கேட்டிருக்கமாட்டார். கையில் சுழலும் இயந்திரத்தை வைத்திருப்பவரை ஒரு சொல்லின் முன் தயங்கி நிற்க வைப்பது நல்லதல்ல. அரிய சொற்களை மீட்பது மொழிக்கு நன்மை செய்யலாம்; பாதுகாப்புக் குறிப்புகள் நிறைந்த ஒரு கையேடு அதற்கான இடமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஃப்ளூட் என்றே தமிழ் எழுத்தில் போட்டுவிட்டால் என்ன குறை?

சொல்வேர் எழுதியது:

குறை ஒன்றும் பெரிதாக இல்லை, எளியசொல் அவர்களே. ஃப்ளூட் என்று எழுதினால் பிட்டைக் காட்டும் படத்தில் பிழை நேராது. ஆனால் கையேடு படத்தோடு நிற்பதில்லை. "தவாளித்த", "தவாளிக்கப்படாத", "நேர்த்தவாளிப்பு", "சுருள்தவாளிப்பு" என்று அது கிளைத்துக்கொண்டே போகிறது. ஃப்ளூட்டிலிருந்து இவற்றை எப்படி உண்டாக்குவது? "ஃப்ளூட் செய்யப்பட்ட" என்று எழுதும்போது வாக்கியம் தமிழாக ஓடுவதில்லை.

உங்கள் கவலைக்கு ஒரு வழி இருக்கிறது. முதல் முறை வரும் இடத்தில் "பட்டறையில் ஃப்ளூட் என்று வழங்கும் தவாளிப்பு" என்று எழுதி, பக்கத்திலேயே அம்புக்குறியிட்ட படத்தை வைத்துவிட்டால், இரண்டாம் பக்கத்திலிருந்து யாரும் தடுமாறமாட்டார்கள். பாதுகாப்புக் குறிப்புகளில் மட்டும், அவை தனியே கிழித்துச் சுவரில் ஒட்டப்படக்கூடியவை என்பதால், இரண்டு சொற்களையும் சேர்த்தே போடலாம். இந்த இடத்தில் நீங்கள் சொல்வது முற்றிலும் சரி.

தூண்வரி எழுதியது:

கட்டடக்கலையில் இச்சொல்லுக்கு மிகப் பொருத்தமான இடம் இருக்கிறது. கிரேக்கத் தூண்களின் உடல் நெடுக மேலிருந்து கீழாக ஓடும் குடைவுகளுக்கும் ஆங்கிலத்தில் ஃப்ளூட் என்றே பெயர். அவற்றில் எதுவும் பொருத்தப்படுவதில்லை. டிரில் பிட்டைப் போல எதுவும் அவற்றின் வழியே வெளியேறுவதும் இல்லை. ஒளியும் நிழலும்தான் அங்கே நடக்கும் வேலை. வெயில் ஒரு பக்கத்திலிருந்து விழும்போது ஒவ்வொரு தவாளிப்பும் தனித்தனி நிழற்கோட்டை உண்டாக்குவதால், பருத்த தூணும் மெலிந்து உயர்ந்ததாகக் கண்ணுக்குத் தெரிகிறது.

டோரிக், அயோனிக் என்பவை கிரேக்கத் தூண்களின் இரண்டு பாணிகள். டோரிக் தூணில் வழக்கமாக 20 தவாளிப்புகள் இருக்கும். பொது ஊழிக்கு முன் 447இல் ஏதென்ஸில் தொடங்கப்பட்ட பார்த்தினான் கோயிலின் தூண்களிலும் அத்தனையே. அவை ஆழம் குறைந்தவை. ஒன்றோடொன்று கூர்மையான விளிம்பில் சந்திக்கின்றன. அயோனிக் தூணில் பெரும்பாலும் 24 தவாளிப்புகள் இருக்கும், அவை ஆழமானவை, ஒவ்வொன்றுக்கும் இடையே ஒடுக்கமான தட்டைப் பட்டி ஒன்று விடப்படுகிறது. கூர்விளிம்பு எளிதில் உடையக்கூடியது, தட்டைப் பட்டி உடையாது என்பதைக் கல்வேலை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பல கோயில்களில் தூணின் கல்லுருளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திய பின்பே தவாளித்தார்கள். முன்பே தவாளித்துவிட்டால் ஏற்றும்போது விளிம்புகள் உடையும், உருளைக்கு உருளை கோடுகள் நேர்ப்படாமலும் போகும். சிசிலித் தீவின் செகெஸ்டாவில் தவாளிக்கப்படாமலே நிற்கும் தூண்களைக் கொண்டுதான், அந்தக் கோயில் முற்றுப்பெறவில்லை என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

நம் கோயிற்கலையில் இதற்கு அருகில் வரும் சொற்கள் இரண்டு. பதினாறு பட்டைத் தூண் என்கிறோமே, அதில் பட்டை என்பது குழிந்ததல்ல, தட்டையான முகம். அதைத் தவாளிப்பு என்று மாற்றினால் தவறாகிவிடும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் இருக்கும் பதினாறு முகங்கள் கொண்ட லிங்கத்தைத் தாராலிங்கம் என்பார்கள். தாரை என்ற சொல் அந்தச் சிற்ப மரபுக்கு உரியது. அதை இயந்திரக் கையேட்டுக்குள் இழுத்துவர வேண்டியதில்லை; தாராலிங்கத்தைத் "தவாளித்த லிங்கம்" என்று புதிதாக எழுதவும் வேண்டியதில்லை. மரபுச் சொல் இருக்கும் இடத்தில் அதுவே இருக்கட்டும்.

உடற்கூற்றியல் எழுதியது:

பொருந்துவதற்கு இருந்தால் காடி, இல்லையென்றால் தவாளிப்பு என்ற அளவுகோல் இயந்திரங்களுக்குச் சரியாக வரலாம். உடலுக்குள் வந்தால் அது திருத்தம் கேட்கிறது. விலா எலும்பின் கீழ்விளிம்பை ஒட்டி, உட்புறமாக, ஒரு நீண்ட தவாளிப்பு ஓடுகிறது. அதில் மேலிருந்து கீழாகச் சிரை, தமனி, நரம்பு என்ற வரிசையில் மூன்றும் அடங்கியிருக்கின்றன. எலும்பின் உதடு அவற்றுக்கு மேல் கவிந்து காக்கிறது. இருந்தாலும் நரம்பு மூன்றிலும் தாழ்வாக இருப்பதால் அதற்குக் கிடைக்கும் காப்பு மிகக் குறைவு. மார்புக்கூட்டில் தேங்கிய நீரை ஊசியால் எடுக்கும்போது, மருத்துவர் இரு விலாக்களுக்கு இடையில், கீழே உள்ள விலாவின் மேல்விளிம்பை ஒட்டி ஊசியைச் செலுத்துவது இந்தத் தவாளிப்பில் உள்ளவற்றைத் தவிர்ப்பதற்காகவே. புயத்தின் மேலெலும்பிலும் இரு புடைப்புகளுக்கு நடுவே ஒரு தவாளிப்பு இருக்கிறது. இருதலைத் தசையின் நீண்ட தசைநாண் அதன் வழியே செல்கிறது.

இவற்றில் பொருள்கள் அமர்ந்திருக்கின்றன. ஆனாலும் காடி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. காடியை ஒருவர் அளவெடுத்து வெட்டுகிறார். அதில் அமரும் பொருள் அங்கே இறுகி நின்று ஒரு இணைப்பை உண்டாக்குகிறது. விலாவின் தவாளிப்பில் எந்த இணைப்பும் இல்லை. நாளங்கள் அதன் வழியே செல்கின்றன, அவ்வளவுதான். ஆகவே அளவுகோலைச் சற்று மாற்றி, ஒன்றைப் பொருத்தி நிறுத்துவதற்காக வெட்டப்பட்டது காடி, நீளவாக்கில் குடைந்த வடிவமுடைய மற்றவை தவாளிப்பு என்று கொண்டால் இரண்டு துறைக்கும் ஒத்துவரும்.

வினை வடிவத்தின் பயனைக் கருவியலில் நன்றாகக் காணலாம். கருவின் முதுகுப்புறத்தில் தட்டையாக இருக்கும் நரம்புத்தட்டு நடுவில் தாழ்ந்து நரம்புத் தவாளிப்பாகிறது. அதன் இரு மடிப்புகளும் உயர்ந்து ஒன்றையொன்று தொட்டு மூடிக்கொள்ள, நான்காம் வாரத்தில் நரம்புக்குழாய் உருவாகிறது. முழுமையாக மூடாவிட்டால் முதுகெலும்பில் பிளவு போன்ற பிறவிக் குறைகள் ஏற்படுகின்றன. "தட்டு தவாளிக்கிறது" என்று ஒரு நிகழ்வாகவே எழுத முடிவது எனக்குப் பெரிய உதவி.

மூளையின் மேற்பரப்பில் உள்ள மடிப்புகளுக்கு இடையிலான பள்ளங்களைத் தவாளிப்பு என்று எழுத நான் தயங்குகிறேன். அவற்றின் இலத்தீன் பெயர், ஏர் உழும்போது விழும் சால் என்பதையே குறிக்கிறது. தமிழிலும் சால் என்று எழுதலாம். மடிந்து உண்டானதைக் குடைந்து எடுத்தது போலச் சொல்ல வேண்டாம் என்பது என் எண்ணம். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இருக்கலாம்.

கையேட்டுப்பணி எழுதியது:

இத்தனை தெளிவாக விளக்கியமைக்கு அனைவருக்கும் நன்றி. பொருத்தி நிறுத்த வெட்டியது காடி, மற்றபடி நீளவாக்கில் குடைந்தது தவாளிப்பு என்ற பிரிவினையைக் கையேட்டில் கடைப்பிடிக்கிறேன். முதல் பயன்பாட்டில் பட்டறைச் சொல்லையும் சேர்த்துவிடுகிறேன்.

எல்லையில் நிற்கும் சில இடங்கள் மட்டும் மீதம் இருக்கின்றன. திருகாணியின் சுற்றுப்பள்ளம், இசைத்தட்டின் பள்ளம் (அளவீட்டு நுண்மைக்கு எடுத்துக்காட்டாகக் கையேட்டில் வருகிறது), பரப்பில் தவறுதலாக விழும் கோடுகள் ஆகியவற்றை எப்படி எழுதலாம்?

கடைசல் எழுதியது:

திருகாணியில் கேள்விக்கே இடமில்லை, அது மரை. பட்டறையில் அனைவரும் மரை என்றே சொல்கிறோம், அதைத் தொடக்கூடாது. ஆனால் மரை வெட்டும் டேப்பில், மரைகளின் குறுக்கே நீளவாக்கில் இறங்கும் பள்ளங்கள் தவாளிப்புகள். சீவல் அவற்றில்தான் சேர்கிறது. ஒரே கருவியில் இரண்டும் இருப்பதால் இந்த வேறுபாட்டைப் படத்தில் காட்டிவிடுங்கள்.

பரப்பில் தவறுதலாக விழுவது கீறல். கீறலுக்கு ஆழம் குறிப்பிடப்படலாம், ஆனால் யாரும் அதற்கு வடிவம் கொடுக்கவில்லை.

தூண்வரி எழுதியது:

கீறலுக்கும் தவாளிப்புக்கும் உள்ள வேறுபாடு நிலவியலிலும் உண்டு. பனியாறு தன் அடியில் சிக்கிய கற்களைப் பாறைமேல் இழுத்துச் செல்லும்போது உண்டாகும் மெல்லிய கோடுகள் கீறல்கள். அதே பனியாறு அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள கெல்லீஸ் தீவில் சுண்ணாம்புப் பாறையை ஏறத்தாழ 120 மீட்டர் நீளத்துக்கும் 10 மீட்டர் அகலத்துக்கும் குடைந்திருக்கிறது. ஆழம் 3 மீட்டருக்கும் மேல். அதைக் கீறல் என்று சொல்ல முடியாது; தவாளிப்பு என்றால் பொருந்துகிறது. அளவு எவ்வளவு பெரிதானாலும் சொல் தாங்குகிறது.

எளியசொல் எழுதியது:

இசைத்தட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். 1948இல் வந்த நெடுநேர இசைத்தட்டில் ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு பள்ளம்தான். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வீதம் 22 நிமிடம் ஓடினால் ஊசி எழுநூற்றுக்கும் மேற்பட்ட முறை சுற்றிவருகிறது. அத்தனையும் வெளிவிளிம்பிலிருந்து உள்ளே செல்லும் ஒரே சுருள். அதன் இரு சுவர்களும் ஒன்றுக்கொன்று 90 பாகையில் நிற்கின்றன. இருவழி ஒலிப்பதிவில் ஒரு சுவர் இடப்பக்க ஒலியையும் மறு சுவர் வலப்பக்க ஒலியையும் தாங்குகிறது. ஊசி அதில் நிற்பதில்லை, ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆகவே உங்கள் அளவுகோல்படி அது காடியாகாது. தவாளிப்பு என்றே எழுதுங்கள். சுவர், அடி, அகலம் என்று அதன் உறுப்புகளைப் பிரித்துப் பேச அந்தச் சொல் இடம் கொடுக்கிறது. தடம் என்ற சொல்லை ஒவ்வொரு பாடலும் பதிவான பகுதிக்கு ஒதுக்கிவைப்பது நல்லது. பாதுகாப்புக் குறிப்புகளைப் பற்றி நான் சொன்னதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன்.

கையேட்டுப்பணி எழுதியது:

அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று: இரண்டு தவாளிப்புகளுக்கு இடையே எஞ்சி நிற்கும் உயர்ந்த பகுதியை ஆங்கிலத்தில் லேண்ட் என்கிறார்கள். நிலம் என்று எழுத முடியாது. சால் என்ற சொல் வந்ததால் வரப்பு என்று எழுதலாமா என்று தோன்றுகிறது. மேலும், தவாளிப்போடு பிற சொற்களைச் சேர்க்கும்போது ஒற்று மிகுமா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

கடைசல் எழுதியது:

வரப்பு என்பது ஒடுக்கமானது. டிரில் பிட்டின் லேண்ட் தவாளிப்புக்கு ஈடான அகலமுடையது. ஆகவே மேடு என்று எழுதுங்கள். அந்த மேட்டின் முன்விளிம்பில், தவாளிப்பை ஒட்டி, மெல்லிய பட்டி ஒன்று சற்றே உயர்ந்து ஓடும். துளையின் சுவரைத் தொடுவது அந்தப் பட்டி மட்டுமே. மேட்டின் மற்ற பகுதி உராயாமல் இருப்பதற்காகத் தாழ்த்தப்பட்டிருக்கிறது. பட்டி தேய்ந்துவிட்டால் பிட் துளைக்குள் இறுகிச் சிக்கும். மேடு, பட்டி, தவாளிப்பு என்று மூன்றையும் தனித்தனியே குறித்துவிடுங்கள்.

சொல்வேர் எழுதியது:

வல்லினத்தில் தொடங்கும் சொல் சேரும்போது ஒற்று மிகும்: தவாளிப்புக் கோணம், தவாளிப்புச் சுவர், தவாளிப்புப் பரப்பு. மற்ற எழுத்துகளில் தொடங்கும் சொற்களோடு மிகாது: தவாளிப்பு நீளம், தவாளிப்பு ஆழம், தவாளிப்பு எண்ணிக்கை. அடைமொழியாக வரும்போது நான்கு தவாளிப்பு ரீமர், நேர்த்தவாளிப்பு ரீமர், சுருள்தவாளிப்பு ரீமர் என்று எழுதலாம். குடைவு இல்லாத பிடிப்பகுதியைச் சொல்ல வேண்டிய இடத்தில் "தவாளிக்கப்படாத பகுதி" என்று போடுங்கள்.